ஒடுக்கத்துப் புதனுக்கு ஒரு குடிசை

ஆயர் ஈத்தாம், 1932 ஜூன் 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கடையில் சோற்றுப் பானை பாதிகூட இறங்கவில்லை. பத்து பகாட் பஸ் மதியம் தாண்டித்தான் வந்தது. டிரைவர் காளியப்பன் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "பாய், ஜொகூர் பாருவுல உங்க தம்பி சிக்கந்தரைப் பார்த்தேன். சபர் மாசம் கழிஞ்ச மறுநாள் வந்து பிள்ளையை அழைச்சுக்கிறேன்னு சொல்லச் சொன்னாரு."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? பிள்ளை அவனுடையது. ரம்லா பிறந்த சில நாளிலேயே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். பழைய கைலியில் சுற்றி எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தான். எங்களுக்கும் பிள்ளையில்லை. இப்போது அது ஓடுகிறது, கடிக்கிறது, கடைக்கு வருகிறவர்கள் தொப்பியைப் பிடுங்குகிறது. தம்பி போன வருஷம் சிங்கப்பூரில் மறுமணம் செய்துகொண்டான். கேட்பது நியாயம்தான். சபர் பீடை மாதம், அதில் நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டோம். அதனால்தான் இந்த அவகாசமும்.

பெண்டாட்டி பீவியிடம் சொல்ல வாய் வரவில்லை. குழம்பில் உப்பு பத்தாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"உங்க நாக்குலதான் உப்பு இல்ல" என்றாள்.

ஜூன் 14

சொல்லிவிட்டேன். அவளுக்கு முன்பே தெரியும். காளியப்பன் பேசினால் மாடிக்குக் கேட்காமல் இருக்குமா. அழவில்லை. பிள்ளையின் சட்டைகளை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. யோசிக்காமல் சொன்னேன், "ஒடுக்கத்துப் புதனுக்குக் கடலுக்குப் போவோம். நாலு நாள் தங்குவோம்." சபரின் கடைசிப் புதனில் சனங்கள் கடலில் தலை முழுகி, மாதத்துப் பீடையைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வருவார்கள். பத்து பகாட்டுக்கு அப்பால் ஒரு மலாய்க் கம்பத்தில், கடலோரக் கிராமத்தில், அதற்கென்றே அத்தாப்பு ஓலைக் குடிசைகள் போட்டுத் தருகிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை போனதில்லை. போகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததோடு சரி.

"கடையை?"

"பூட்டுவோம்."

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஜூன் 16

கருவாடு கொண்டுவரும் பக் சமாட் அந்தக் கம்பத்துக்காரர்தான். குடிசை உண்டா என்றேன். போலே, போலே என்றார், ஆகும் ஆகும் என்று. அவருக்கு எல்லாமே போலேதான். எந்தப் புதன் என்றார். அங்கேதான் வம்பு.

ஊரெல்லாம் இருபத்தொன்பதாம் தேதிப் புதனுக்குப் போகிறது. நான் அதற்கடுத்த புதன், ஜூலை ஆறு என்றேன். இந்தச் சபர் பிறந்தபோது எங்கள் பக்கம் மழை மூட்டம், பிறை தெரியாமல் ஒரு நாள் தள்ளித்தான் மாதம் தொடங்கினோம். அந்தக் கணக்கில் ஆறாம் தேதி முப்பதாம் நாள். ஆனால் முந்தின சாயங்காலமே அடுத்த பிறை தெரிந்துவிட்டால் முப்பது கிடையாது. சபர் அதோடு முடிந்தது.

பள்ளிவாசல் லெப்பை என் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை பிறை தெரிஞ்சுட்டா புதன்கிழமை சபரே இல்லையே ருக்னுதீன். அப்புறம் எதைக் கழுவப் போற?"

"உங்க அழுக்கெல்லாம் முந்தின வாரமே போயிட்டா எனக்குச் சுத்தமான தண்ணி கிடைக்குமில்ல" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. யாருக்குத்தான் தெரியாது? சீக்கிரம் கடலுக்குப் போனால் சீக்கிரம் திரும்பணும். திரும்பினால் எதிர்பார்க்க வேறென்ன இருக்கு.

ஜூன் 19

சாமான் கட்டுகிறோம். போக இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. கொசுவலை, டின் பால், இடியப்பப் பானை, கரி, மண்ணெண்ணெய் விளக்கு, ஓமத்தண்ணீர், பிள்ளைக்குத் துணி ஒரு மூட்டை, அந்தத் துணி நனைந்தால் மாற்ற இன்னொரு மூட்டை.

"ஹஜ்ஜுக்குக் கப்பலேறுறவங்ககூட இவ்வளவு கட்டமாட்டாங்க" என்றேன்.

"அவங்க யாரும் படுக்கையில மூத்திரம் போறதில்ல."

நாங்கள் கட்டக் கட்ட ரம்லா பின்னாலிருந்து அவிழ்க்கிறது. இடியப்பப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து சுவரில் மோதியது. அழுதுவிட்டுத் திரும்பவும் அதையே கவிழ்த்துக்கொண்டது. எங்கள் வீட்டுப் புத்தி.

ஜூன் 22

தூக்கமில்லை. காரணம் கொசு என்று பீவியிடம் சொன்னேன். அவளும் கொசு என்றுதான் சொன்னாள்.

ஜூன் 25

பக் சமாட் வந்தார். குடிசை மரக்கால்கள்மேல் நிற்குமாம், ஓதம் வரும்போது தண்ணீர் அடியில் புகுந்து போகுமாம். பீவி தொடங்கிவிட்டாள். தரை மூங்கில் பிளாச்சா? இடைவெளியில் பிள்ளை கால் போகுமா? கைப்பிடிச் சுவர் உண்டா? முதலை? ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் மலாயில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். முதலைக்கும் ஆட்டினார்.

முடிவு: பிள்ளை இடுப்பில் கைலியைக் கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டுவது.

"ஆடு மாதிரியா?" என்றேன்.

"ஆடுன்னா சொன்ன பேச்சு கேக்கும்."

ஜூன் 29, புதன்

பஸ் பஸ்ஸாக எல்லாரும் போனார்கள். சின்னப் பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு கையாட்டின. காளியப்பன் வண்டியை நிறுத்தி, "பாய், கடைசித் தடவை கேக்குறேன், ஏறுறீங்களா? அடுத்த வாரம் கடல் இருக்குமான்னு தெரியாது" என்றார். உன் பஸ் இருக்குமா என்று முதலில் பார் என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

கடை காலி. எனக்கு நானே சோறு பரிமாறிக்கொண்டேன். ருசி சுமார்தான். இத்தனை நாளும் எப்படித்தான் தின்றார்களோ.

பீவி மாடிச் சன்னலை விட்டு நகரவில்லை. நாமும் இன்றைக்கே போயிருக்கலாமோ? கேட்கவில்லை.

ஜூலை 2

ரம்லாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. போகலாமா, வேண்டாமா. காலையில் போகலாம் என்றாள் அவள், வேண்டாம் என்றேன் நான். மாலையில் நான் போகலாம் என்றேன், அவள் வேண்டாம் என்றாள். மூட்டைகள் வாசலிலேயே கிடக்கின்றன. தாண்டித் தாண்டி நடக்கிறோம்.

ஜூலை 4, திங்கள். கடற்கரை

வந்துவிட்டோம். கடலைக் காணோம்.

ஓதம் வற்றி, கண்ணுக்கெட்டியமட்டும் சேறு. நண்டு ஓடுகிறது. "இதைப் பார்க்கவா கடையைப் பூட்டுனீங்க?" என்றாள் பீவி. போன வாரம் வந்தவர்கள் குடித்துவிட்டார்கள் போல என்றேன். மற்றக் குடிசையெல்லாம் காலி. கரையில் இளநீர் மட்டையும், கிழிந்த பாயும், ஒரு ஒற்றைச் செருப்பும். திருவிழா முடிந்த ஊர்.

பிற்பகல் அஸர் நேரத்துக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. ரம்லாவை இறக்கிவிட்டேன். மணல் காலில் பட்டதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டது. அடுத்த காலையும் தூக்கப் பார்த்து விழுந்தது. ஒரே அலறல். சாயங்காலம் முழுக்க என் தோளிலிருந்து இறங்கவில்லை. பீவி கொண்டுவந்த கைலிக் கயிற்றுக்கு வேலையே இல்லை.

ஜூலை 5, செவ்வாய்

இன்று மணல் பழகிவிட்டது. மணலைத் தின்கிறது. காலையில் என் தொப்பி நிறைய அள்ளி, நான் குனிந்தபோது தலையில் கவிழ்த்தது. பீவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மஃரிபு நேரத்தில் நானும் பிள்ளையும் தண்ணீர் ஓரம் நின்றோம். மேற்கே மேகமே இல்லை. சூரியன் போன இடத்துக்குக் கொஞ்சம் மேலே பிறை. நகம் வெட்டிப் போட்டதுபோல. சந்தேகப்பட இடமில்லை.

பிறை கண்டால் ஓதும் துஆவைக்கூட வாய்க்குள்தான் ஓதினேன். பிள்ளையைத் தூக்கித் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பீவி அடுப்புப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். பார்த்திருக்கமாட்டாள்.

சொல்லவில்லை. சொன்னால் சபர் முடிஞ்சது. நாளைக்கே வருவான். சொல்லாட்டா மட்டும் வராம இருப்பானா? சிங்கப்பூருக்கு வேற வானமா? இருந்தாலும் சொல்லல.

ஜூலை 6, புதன்

பீவி விடிந்ததும் மாவிலையில் குர்ஆனின் சலாம் ஆயத்துகளைக் குங்குமப்பூ மையால் எழுதித் தண்ணீரில் கழுவினாள். ஆளுக்கொரு வாய் குடித்தோம். பிள்ளை துப்பியது. மூன்று பேரும் கடலில் முழுகினோம். பிள்ளையின் தலையில் தண்ணீர் விடும்போது அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. எது போகணும் என்று கேட்டாள், எது இருக்கணும் என்று கேட்டாள், எனக்குத் தெரியாது. எங்களைத் தவிர அந்தக் கடலில் யாருமில்லை.

பகல் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் சிக்கந்தர் வந்து நின்றான். கடை பூட்டியிருந்ததாம், காளியப்பன்தான் இங்கே கொண்டுவந்து விட்டாராம். புதுச் சப்பாத்து. கையில் பொட்டலம், அவன் பெண்டாட்டி தைத்த இரண்டு கவுன். ரம்லா பீவியின் முந்தானைக்குள் போய்விட்டது. அவன் கூப்பிடவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணென்று உட்கார்ந்தான். அரை மணி கழித்து அது மெல்ல வெளியே வந்து, சப்பாத்தில் மணலை நிரப்பத் தொடங்கியது. அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கேட்டான், "நேத்து இங்க பிறை தெரியலையா அண்ணே?"

"மேகம்" என்றேன்.

அடுப்படியிலிருந்து பீவி, "ஆமா, ஒரே மேகம்" என்றாள்.

பொய்யே சொல்லாதவள். அப்படியானால் அவளும் பார்த்திருக்கிறாள். நான் மறைத்தேன் என்று நான் நினைக்க, அவள் என்னிடம் மறைத்திருக்கிறாள்.

படியில் உட்கார்ந்து பீடி குடித்த பக் சமாட்டுக்கு இந்த அளவு தமிழ் புரியும் என்று யார் கண்டது. "அலமாக், மேகம் எங்கே? நேத்து லாங்கிட் தெராங் லா" என்று வானத்தைக் காட்டினார். வானம் தெளிவாய் இருந்ததாம். நல்ல மனுஷன்.

சிக்கந்தர் எங்கள் இருவரையும் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நான் கிண்டல் செய்து சமாளித்திருப்பேன். அவன் கோபப்படவில்லை.

பீவி கை துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் பார்த்தேன். இவரும்தான் பார்த்திருப்பாரு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. அதுக்கென்ன இப்ப? பிள்ளை உன் பிள்ளை. கேட்டுக்க, ராத்திரி இருமுனா நெஞ்சுல தேங்காயெண்ணெய் சூடு பண்ணித் தடவணும். இடியப்பம் சூடாக் குடுத்தா துப்பும், ஆறவைக்கணும். தூங்கறப்ப யார் காதையாவது பிடிச்சுக்கும், காதைக் குடுத்துட்டு அசையாமக் கெடக்கணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில் பீவியைப் பார்த்து, "மச்சி, நீங்களும் வாங்க. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. இதுக்கு எங்களைத் தெரியாது, அவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது. நீங்க இல்லாம நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?" என்றான்.

பீவி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வா" என்றேன். "மூட்டைதான் கட்டியே இருக்கே."

ஜூலை 7

பஸ் எங்கள் கடை வாசலில் நின்றது. நான் மட்டும் இறங்கினேன். இடியப்பப் பானையையும் அவர்களோடு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 10

கடை திறந்தேன். கேட்கிறவர்களுக்கெல்லாம், பெண்டாட்டி என்னைத் தலாக் சொல்லிவிட்டுப் போய்விட்டாள் என்றேன். சிரித்தார்கள். லெப்பை வந்து டீ குடித்தார். புதன்கிழமை பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 17

யாரும் தொப்பியைப் பிடுங்குவதில்லை.

ஜூலை 23

காளியப்பன் கடைப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து செய்தி சொன்னார். அவர் சிக்கந்தரைப் பார்த்தாராம், பிள்ளை முதல் வாரம் ராத்திரியெல்லாம் அழுததாம், இப்போது அழுவதில்லையாம். அவருக்குக் கூடுதலாக ஒரு மீன் துண்டு வைத்தேன். முதல் வாரம் அழுததுக்கா, இப்போ அழாததுக்கா? எனக்கே தெரியல.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

பீவி வந்துவிட்டாள். தனியாகத்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அடுப்படிக்குப் போய், பானையைத் திறந்து பார்த்து, "இதையா சனங்களுக்குப் போட்டீங்க?" என்றாள்.

சாயங்காலம்தான் பேசினாள். தம்பி பெண்டாட்டி நல்லவளாம். சின்னப் பெண். முதலில் பிள்ளையைத் தூக்கவே பயந்தாளாம். பீவி வேண்டுமென்றே அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாளாம், பிள்ளை அழ அழ. அந்தப் பெண்ணும் சேர்ந்து அழுவாளாம். இப்போது அவள் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது.

"உங்களை இனிமே பெரியப்பா முறையில 'பெரியத்தா'ன்னு கூப்பிடும். நான்தான் சொல்லிக் குடுத்தேன். அந்த வாய்ல அத்தாவை மாத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"உன்னை?"

"பெரியம்மா." மடியில் இருந்த வெற்றிலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். "முதல் தடவை தானாச் சொன்ன அன்னைக்குத்தான், கிளம்பிடலாம்னு தோணுச்சு."

நான் ஏதாவது கிண்டலாகச் சொல்வேன் என்று காத்திருந்தாள். காதை அவள் பக்கம் நீட்டினேன். பிடித்து நன்றாகத் திருகினாள்.

அடுத்த தடவை கருவாடு கொண்டுவரும்போது பக் சமாட்டிடம் சொல்லி வைக்க வேண்டும். வருகிற சபருக்கு இரண்டு குடிசை, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அவர்கள் மூன்று பேருக்கு, ஒன்று எங்களுக்கு. எந்தப் புதன் என்பதைச் சிக்கந்தர் பார்த்துச் சொல்லட்டும்.