பட்டியலில் நாலு, பெட்டியில் ஒன்று

அன்புள்ள விங்ஹோவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் யூக்லினும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை, உன் சித்தப்பாவுக்கு அதுவும் இல்லை. ஷியுங் வானில் மழை விட்டபாடில்லை, மாடிப்படி வழுக்குகிறது, கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது, வந்தாலும் அவர்களில் பாதிப் பேர் பழைய காசுகளை வேடிக்கை பார்த்துவிட்டு ஏர்கண்டிஷன் காற்று வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான். யூக்லினை ஏணியில் ஏறித் திரைச்சீலை மாட்ட விடாதே, போனமுறை நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன், பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

பம்பாயில் அச்சான அந்தப் பழைய வெள்ளிக்காசு, பம்பாய் டாலர், என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாய். பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார், அதனால்தான் பேச்சை மாற்றினேன். எழுதினால் அவர் காதில் விழாது. அப்பா போனபின் நீ, நான், சித்தப்பா மூவரும் பேசி வைத்தது உனக்கு நினைவிருக்கும், அந்தக் காசு விலைபோகிற அன்றைக்குக் கடையைப் பூட்டுவது, நான் உன்னோடு பெர்த்துக்கு வந்துவிடுவது என்று. போன வாரம் பினாங்கிலிருந்து கூ வந்தார். அப்பா காலத்து வாடிக்கை, காசைக் கையில் வாங்குமுன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிற மனிதர். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். வெளிச்சம் சக்கரம்போல ஒரு சுற்று முழுசாகச் சுற்றியது, புழங்காத காசில்தான் அப்படிச் சுற்றும். காசில் சூலம் பிடித்து நிற்கிற வெள்ளைக்கார அம்மாளின் மார்பும் முழங்காலும்தான் முதலில் தேயும், அங்கே தேய்மானமே இல்லை. துணியால் துடைத்த கீறலும் இல்லை, பழைய வட்டிக்கடைக்காரர்கள் குத்திய முத்திரையும் இல்லை. இந்த டாலர்கள் மூட்டை மூட்டையாக இந்த ஊருக்கு வந்தவை, கை படாமல் தப்பியதுதான் அபூர்வம். எல்லாம் பார்த்துவிட்டு, காசு அருமை, ஆனால் பாதி விலைதான் தருவேன் என்றார்.

ஏன் என்று கேட்டேன். காசுக்குத் தரம் போடுகிற கம்பெனியின் கணக்கில், இதே வருடம் அச்சான காசு எழுபதுக்கு அறுபத்தைந்து தரத்தில் நாலு இருக்கிறதாம். ஒன்றுதான் என்றால் கேட்ட விலை தரலாம், நாலில் ஒன்றுக்கு எப்படித் தருவது என்றார். நியாயமான பேச்சுதான், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மற்ற மூன்றும் எங்கே? இத்தனை வருடத்தில் எந்த ஏலத்திலும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லையே. கம்பெனியின் இணையப் பக்கத்தில் நாலுக்கும் படம் இருந்தது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாளின் முழங்கைக்குக் கீழே நம் காசில் உளுந்தளவு கறுத்திருக்குமே, நீ சின்ன வயதில் நகத்தால் சுரண்டப் போய் அப்பாவிடம் அறை வாங்கினாயே, அந்தக் கறுப்பு நாலு படத்திலும் இருந்தது. நாலும் ஒன்றுதான், அதுவும் நம் பெட்டியில் இருப்பதுதான்.

இதில் துப்பறிய ஒன்றுமில்லை. காசை மூடி வருகிற பிளாஸ்டிக் உறையை உடைத்து, தரத்தில் இன்னும் ஒரு புள்ளி கூடக் கிடைக்காதா என்று திருப்பி அனுப்புகிற பைத்தியம் நம் தொழிலில் பாதிப் பேருக்கு உண்டு. பழைய உறையிலிருக்கும் சீட்டையும் சேர்த்து அனுப்பினால் கம்பெனி பழைய கணக்கை அழித்துவிடும், அனுப்பாவிட்டால் புதுக் காசு என்று இன்னொன்று ஏறிவிடும். நம் கடையில் காசைத் தரத்துக்கு அனுப்பி வாங்குவது சித்தப்பாதான், மறுநாள் காலை டீக்கடையில் கேட்டேன். சித்தப்பா ரொட்டியைப் பால் டீயில் நனைத்துக்கொண்டே, "பந்தயத்துல தோத்த சீட்டை எவனாவது பத்திரப்படுத்துவானா அண்ணி? கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார். அறுபத்தாறு வரும் என்று மூன்று முறை ஆடியிருக்கிறார், மூன்று முறையும் அதே அறுபத்தைந்து. நமக்கு நாமே போட்டிக்கடை வைத்துக்கொண்டோம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆனால் படங்களுக்குக் கீழே தேதியும் இருந்தது, அது உறுத்திக்கொண்டே இருந்தது. முதன்முதலில் தரம் போட்டதை விட்டுவிட்டால், சித்தப்பா முதல் முறை திருப்பி அனுப்பியது நீ வீடு வாங்கி என்னை வரச்சொன்ன மாதம். இரண்டாவது, யூக்லினுக்கு ஆபரேஷன் ஆனபோது நான் உங்களிடம் வந்துவிட மூட்டை கட்டிய சமயம். மூன்றாவது, போன வருடம் கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நான் சொன்ன வாரம். காசு தரம் பார்க்கப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். மறுபடி கேட்டேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "காசு கடையில இல்லேன்னா யாரும் வாங்க முடியாதுல்ல. வித்துட்டா நீங்க போயிடுவீங்க. அப்புறம் நான் யாரோட சண்டை போட்டுக்கிட்டு டீ குடிக்கிறது?" எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை கூ மறுபடி வந்தார், நாலு படத்தையும் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். முழு விலைக்குச் சம்மதம் என்று சொல்லி மோதிரத்தைக் கழற்றினார். நான் பெட்டியை மூடினேன். பேரம் பேசுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஏற்றினார் பாவம். இப்போது விற்பதாக இல்லை என்றதும் மோதிரத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார், கதவருகில் நின்றிருந்த சித்தப்பாதான் குடை எடுத்துக்கொடுத்தார்.

உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆறேழு வருடமாகக் கூப்பிடுகிறாய், எனக்கும் உன் பக்கத்தில் இருக்க ஆசை இல்லாமல் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு என் சேமிப்பில் வருகிறேன், மூன்று மாதம் இருந்து யூக்லினுக்குப் பத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பத்தியத்துக்குக் கறுப்புக் காடியும் இஞ்சியும் நிறைய வாங்கி வை, பன்றிக்கால் நான் வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன், உனக்கு வாங்கத் தெரியாது. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பா படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றியிருக்கிறேன். இதில் எழுதியதைச் சித்தப்பாவிடம் போனில் கேட்டுவைக்காதே. நேற்று டிக்கெட்டை அச்செடுத்து மேசையில் வைத்தேன், திரும்பி வருகிற தேதியைப் படித்துப் பார்த்து அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், இன்றைக்குச் சட்டை மாற்றியபோது அதை எடுத்துப் புதுச் சட்டைப்பையில் வைத்ததையும் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா