பத்துப் புள்ளி

ஜூலை 3

மகளுக்கு,

அன்றைக்குத் தலைமை டீச்சர் அறையில் இருந்தவர்கள்: தலைமை டீச்சர், உன் வேதியியல் டீச்சர், பியூன், உன் அப்பா, நீ, ஈரக்கையோடு நான். முப்பத்தோரு வருடமாயிற்று. மின்விசிறி ஓடவில்லை என்பதுகூட ஞாபகமிருக்கிறது.

பாஸ்பரஸைச் சுற்றி ஐந்து குளோரின் வரைந்து, எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளி என்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டாகப் பத்துப் புள்ளி பரீட்சைத் தாளில் வைத்திருந்தாய். "எட்டுக்கு மேல எந்த அணுவும் வெச்சுக்காது. திமிரைப் பாரு," என்றாள் டீச்சர்.

"லேப்ல பாட்டில் இருக்கு மிஸ். பென்டாகுளோரைடுன்னு போட்டிருக்கு. பென்டான்னா அஞ்சுதானே?" என்று அழுதுகொண்டே கேட்டாய்.

அந்த லேபில் குடுவை கழுவுகிறவள் நான். போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். "ஈரக்கையால தொடாதே, புகையும்" என்று டீச்சர் அலறினாளே தவிர, லேபிளைப் படிக்கவில்லை. அன்றே என் வேலை போனது. "உனக்கெதுக்குடி இந்த வேலை?" என்று உன் அப்பா வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

நேற்று உன் மகள் சின்னக்குட்டியிடமிருந்து கடிதம். நீ பாடம் எடுக்கிற வகுப்பில், நீ வைத்த பரீட்சையில், அதே கேள்விக்கு அதே பத்துப் புள்ளி வைத்தாளாம், நீ முட்டை போட்டாயாம். எட்டுதான் விதி என்று வகுப்பே கேட்கச் சொன்னாயாம். பெற்ற பிள்ளைக்கு அப்படிச் செய்வாயா? அவள்தான் எதையோ தப்பாக விளங்கிக்கொண்டிருப்பாள். உடனே பதில் போடு.

அம்மா

ஜூலை 9

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலிக்கு அனுப்பிய தைலம் வந்ததா?

உன் பேத்தி தப்பாக ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. பத்துதான் சரி. கந்தகம் பன்னிரண்டுகூட வைத்துக்கொள்ளும், போரானுக்கு ஆறே போதும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு வந்த விடைக்குறிப்பில் எட்டு என்றுதான் இருக்கிறது. என் மகளுக்கு மட்டும் மார்க் போட்டால் ஸ்டாஃப் ரூமில் வாய் சும்மா இருக்குமா?

நீ பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். வாயை மூடிக்கொள்ள அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அவளும் கற்றுக்கொள்ளட்டும், பிழைத்துக்கொள்வாள்.

உன் மகள்

ஜூலை 14

உனக்கு,

தைலம் வந்தது. பிரிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ ஒரு வேளை சாப்பிட்டாய். நான் எத்தனை வேளை என்று நீ எண்ணியிருக்க மாட்டாய். என் பிள்ளை சரியாகச் சொன்னாள் என்பதைத்தான் வயிற்றில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வருடமும் கிடந்தேன்.

உன் கடிதத்தைச் சின்னக்குட்டிக்கு அனுப்பிவிட்டேன். பத்துதான் சரி என்று நீயே கைப்பட எழுதியிருக்கிறாயே, அவள் படிக்க வேண்டாமா? உன் கையில் சிக்காதபடி அவள் சிநேகிதி விலாசத்துக்குப் போட்டேன். வகுப்பில் காட்டுவதும் கிழித்துப்போடுவதும் அவள் பாடு.

அந்த அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். தலைமை டீச்சர் பயந்தாங்கொள்ளி. பியூன் பாவம். உன் அப்பா எப்போதுமே அப்படித்தான். வேதியியல் டீச்சரை மட்டும் விடாமல் வைத்திருந்தேன், இன்று காலை அவளையும் விட்டேன். அவளுக்குத் தெரியாது, தெரியாமல் சொன்னாள்.

நான் மன்னிக்காத ஆள் இனி ஒருத்திதான். நீ.