வலி மருந்துக்கும் சிகிச்சை நிறுத்தத்துக்கும் ஒரே படிவம்

அனுப்புநர்:
பெண்கள் புற்றுநோய் வார்டின் 12ஆம் கட்டிலிலிருந்து ஏழாம் அறைக்கு மாற்றப்பட்ட நோயாளியின் தங்கை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: ஏழாம் அறைக்கு மருத்துவரை அனுப்பவும், மஞ்சள் படிவத்தைப் பிரிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மாதம் மூன்றாம் தேதி காலை, வார்டைச் சுற்றிவந்த மருத்துவர் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அக்காவால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை என்றோ, வலி தாங்காமல் தலையணை உறையைக் கடித்துக் கிழித்துவிட்டார் என்றோ நான் சொல்லவில்லை. போர்வைக்குள் அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். "பரவாயில்ல டாக்டர்" என்று சிரித்தார். 'வலி இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

2. இருபத்திரண்டு கட்டில்களிலும் இதே பதில்தான். மார்ஃபின் வேண்டுமென்றால் உறவினர் மஞ்சள் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதன் கீழ்ப்பாதி 'சிகிச்சை நிறுத்தம்'. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. கையெழுத்தானதும் நோயாளியை நடைக்கோடியில் உள்ள ஏழாம் அறைக்குத் தள்ளிச் செல்கிறார்கள்; அங்கிருந்து யாரும் திரும்பி வந்ததில்லை. மஞ்சள் படிவத்துக்கு வார்டில் 'டிக்கெட்' என்று பெயர். "இன்னிக்கு யாரும்மா டிக்கெட் வாங்கப் போறது?" என்று பக்கத்துக் கட்டில் அம்மா கேட்டால் வார்டே சிரிக்கும். பிறகு சற்று நேரம் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

3. அக்கா தையல்காரர், வயது முப்பத்தாறு. நோய் மார்பிலிருந்து முதுகெலும்புக்குப் பரவியிருந்தாலும், கட்டி சுருங்கி வருவதாக மருத்துவரே சொல்லியிருந்தார். அடுத்த கீமோ ஊசி பத்தாம் தேதி. "அதுவரைக்கும் வாயத் திறந்து கெடுத்துராதடி" என்பது அக்காவின் உத்தரவு.

4. ஆறாம் தேதி நான் மஞ்சள் படிவத்தில் கையெழுத்திட்டேன். அவரைக் கேட்கவில்லை. மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, என் சட்டையின் தோள் தையல் கோணல் என்று குறை சொன்னார். அன்று மாலையே ஏழாம் அறை. பத்தாம் தேதி ஊசிப் பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

5. பதினொன்றாம் தேதி முதல் கடும் காய்ச்சல். செவிலியரிடம் மூன்று முறை சொன்னேன். அவரைக் குறைகூற மாட்டேன். "அந்த ரூமுக்கு ரவுண்ட்ஸே கிடையாதும்மா. மஞ்சத்தாள் கேஸுக்கு எதுக்குக் கூப்பிடுறேன்னு என்னத்தான் திட்டுவாங்க" என்றார். ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்.

6. வலி மருந்தும் புற்றுநோய் சிகிச்சையும் சேர்ந்தே நடக்கலாம் என்று படித்திருக்கிறேன். ஐயா, அக்காவுக்கு வலி குறையவேண்டும் என்றுதான் கையெழுத்திட்டேன். இன்றே ஒரு மருத்துவரை அந்த அறைக்கு அனுப்பவும், அக்காவின் பெயரைப் பட்டியலில் மீண்டும் சேர்க்கவும், வலி மருந்துக்குத் தனிப் படிவம் வைக்கவும் பணிந்து வேண்டுகிறேன்.

நாள்: 13
இடம்: ஏழாம் அறை வாசல்

இப்படிக்கு,
கையெழுத்திட்ட தங்கை
(ஒப்பம்)

பின்சேர்க்கை: 13 அன்று தங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை. 14 காலை 11.20 மணிக்கு அக்கா இறந்தார். அந்த அறையில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள்.