நீ திருவிருந்துக்கு எழுந்திருக்காத ஞாயிறு

அம்மிணி,

சபைப் பதிவேட்டைத் தேடி இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பதிவேடு அடியில் கிடந்தது. அதன் மேல், அந்துருண்டை வாசனையோடு உன் வெள்ளைச் சேலை. திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் நீ கட்டும் சேலை. நீ போய் ஆறு மாதமாகிறது. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கொடுப்பேன். எப்போது என்று மட்டும் நீ கேட்காதே.

அதைக் கட்டிக்கொண்டுதானே ஒருநாள் சபை நடுவில் என் மானத்தை வாங்கினாய்! பத்து வருஷத்துக்கு மேலிருக்கும். பழைய போதகர் மஞ்சள் காமாலையில் இறந்த வருஷம் அது. அவர் எனக்குப் போதகர் மட்டுமல்ல, மில் வேலை முடிந்து வந்தால் கூட உட்கார்ந்து டீ குடிக்க எனக்கிருந்த ஒரே சிநேகிதர். அவர் இடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு இளவட்டத்தை அனுப்பினார்கள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என்று முதல் நாளே கேலி பேசியவன் நான்தான்.

கோயில் வாசல் பலகையில் ஆராதனை காலை ஏழு மணி என்று எழுதியிருந்தது. ஏழு மணிக்கு நாம் ஆரம்பித்ததே கிடையாது. சனிக்கிழமை இராத்திரி ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதுவதே ஏழுக்குத்தான். சபையில் பாதிப்பேர் தலையில் ஒட்டிய பஞ்சோடு மில்லிலிருந்து நேரே நடந்து வருவார்கள். அவர்கள் முகம் கழுவி உட்கார்ந்த பிறகுதான் பழையவர் முதல் பாட்டைச் சொல்வார். பலகையை மாற்ற வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. புதியவர் பாவம், பலகையை நம்பினார்.

முதல் ஞாயிறு, பிரசங்கத்துக்கு நடுவில் மில் ஆட்கள் உள்ளே வந்தார்கள். "ஆண்டவர் வீட்டுக்கு இப்படியா பிந்தி வாரது?" என்று மேலேயிருந்து கேட்டுவிட்டார். அவர்கள் தலை குனிந்து நின்றார்கள். அடுத்த வாரம் பாதிப்பேர் வரவில்லை. மூன்றாவது வாரம் பின் பெஞ்சுகள் காலி.

சபை மூப்பர் நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை. அவர் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அம்மிணி. அப்போதுதான் பழையவர் அருமை தெரியும் என்று நினைத்தேன். அந்த வன்மத்தைத் துக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாவது வாரம் திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்தருகே முழங்காலிட எல்லோரும் வரிசையாக எழுந்தபோது, நீ மட்டும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாய். மூப்பர் சம்சாரமே எழுந்திருக்கவில்லை என்று சபையே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். நீ சேலையை மடித்துக்கொண்டே சொன்னாய்:

"அந்தச் சனத்தைத் தொரத்திப்போட்டு எனக்கு மட்டும் எப்படீங்க அப்பம் எறங்கும்? பழைய ஐயா போயிட்டாருங்க. ஆண்டவரு போகலீங்களே?"

சட்டையை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணி. அந்த மனுஷன் அப்போதுதான் தனியாக அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சோறு குழைந்து போயிருந்தது. சங்கு விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை விட்டு எழுந்தார்.

"முத வாரமே சொல்லிருக்கலாம்லா ஐயா? ஒரு மாசமா இந்த வீட்டு வாசப்படிய யாரும் மிதிக்கலையே. எனக்கு யாரு சொல்லுவா?"

தெரியாமல் செய்தவர் அவர். தெரிந்தே செய்தவன் நான். அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேரும் மில் லைன் வீடுகளில் படியேறி இறங்கினோம். எல்லா வாசலிலும் அவர் கைகூப்பினார். ஒருவரைத் தவிர எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "உங்குளுக்குத் தெரியுமுங்களே" என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் கோயில் பக்கம் வரவேயில்லை.

இப்போது எனக்கே மாற்று ஆள் வந்தாகிவிட்டது. நீ போனதிலிருந்து சபைக் காரியம் எதிலும் எனக்கு மனசு நிற்கவில்லை. போன வாரம் வேறொருவரை மூப்பராக்கினார்கள். நியாயந்தான். ஆனாலும் வலித்தது. பனியன் கம்பெனி வைத்திருப்பவர், என்னைவிட இருபது வயது இளையவர். இன்று மத்தியானம் பதிவேட்டை வாங்க வந்தார். கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உட்காரச் சொன்னேன். எந்த வீட்டில் சீக்காளி, யார் யாரோடு பேசுவதில்லை, யாரைக் கூப்பிட்டால்தான் வருவார், எல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் போனபின் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் நானே குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். குடும்பம் என்று இப்போது நான் ஒருவன்தான். நாம் செய்தபடியே ஊழியக்காரர் பெயர்களை முதலில் சொன்னேன். அந்தப் புது மூப்பர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். அடுத்து உன் பெயர் வரும். நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாக அங்கே போய்விடுகிறது. இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் நம் சபையில் இல்லையே. அதனால் அந்த இடத்தில் சும்மா இருக்கிறேன், அம்மிணி. ஆமென் சொல்ல எனக்கு இப்போதெல்லாம் ரொம்ப நேரமாகிறது.