போடியார் தலைமையில் உம்மாவைப் பற்றி

1954 மார்ச் 2, செவ்வாய்

கடும் வெயில். வைக்கோல் தூசி, ஓயாத தும்மல். சைக்கிள் டியூபில் மறுபடி ஓட்டை.

சனிக்கிழமை பரிசளிப்பு விழா. பழைய மாணவன், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்பதால் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: ‘என்னை ஆளாக்கியவர்’. உம்மாவைத் தவிர வேறு யார்? தலைமை வகிப்பவர் யாரென்று கேட்டேன். தலைமையாசிரியர் (த.ஆ.) பல்லெல்லாம் தெரியச் சொன்னார்: "நம்மட போடியார்தான்."

அல்ஹம்துலில்லாஹ். ஊரிலேயே பெரிய நிலக்காரரான அந்த மனிதரை என் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தருகிறார்கள். இனி இங்கே போ. என்றே எழுதுவேன். முழுச் சொல்லுக்கு மை வீண்.

மார்ச் 3, புதன்

பேச்சுக்குக் குறிப்பு:
– வாப்பா மௌத்தாகிப் போனது. நான் கைக்குழந்தை.
– உம்மா பாய் இழைத்தது, அப்பம் சுட்டு விற்றது.
– அறுவடை முடிந்த வயல்களில் கதிர் பொறுக்கியது. கால் வெடிப்பு.
– களம். உம்மா அழுதது.

களத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எருமைகளை விட்டுச் சூடு மிதித்து, நெல் பொலியாகக் குவிந்து கிடக்கும்போது பெண்கள் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் நெல்லின் பறக்கத், அல்லாஹ் தரும் விருத்தி, போய்விடும் என்பார்கள். விவரம் தெரியாத வயது எனக்கு. போ.வின் களத்தில் மிதிக்கிற எருமைகளுக்கு நடுவே ஓடிவிட்டேன். உம்மா பாய்ந்து வந்து தூக்கினார். போ. என்ன செய்தார்? உம்மாவின் ஓலைக் கடகத்தைப் பிடுங்கி, பகலெல்லாம் பொறுக்கிய கதிரைத் தன் பொலியில் கொட்டினார். "உன்ட கால் பட்டுக் குறைஞ்ச பறக்கத்துக்கு இது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். மெல்லுகிற வெற்றிலை தொண்டையில் சிக்க வேண்டும்.

மார்ச் 5, வெள்ளி

ஜும்ஆவில் போ. முன்வரிசை. ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன், கடமைக்கு.

வாசலில் த.ஆ. பிடித்துக்கொண்டார். "தம்பி, புதுக் கட்டிடத்துக்குப் போடியார் மரம் தாறாராம். அவரப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க." ஓம் சேர் என்றேன். ரெண்டுக்கு மேலேயே இருக்கிறது.

வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகினேன். உம்மா கேட்டுவிட்டார். தடுப்பார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாரானேன். உம்மா மீன் செதிலைச் சுரண்டியபடியே:

"அதுல பிழை இரிக்கு மகன். நான் அழுத எண்டு சொல்றாய். நான் அழல்ல."

"சரி உம்மா. அத எடுத்திடுறன்."

"அவர்ர மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிண்டன். அதச் சொல்லு."

மார்ச் 6, சனி

சொல்லிவிட்டேன்.

முதலில் போ.வின் தலைமையுரை. "இந்தப் பொடியன் என்ட வயல்ல கதிர் பொறுக்கி வளந்தவன். நான் ஒருநாளும் வேணாண்டு சொல்லல்ல." பலத்த கைதட்டல். திரைக்குப் பின்னால் பெண்களோடு உம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். கடகம், பொலி, சிரிப்பு எல்லாம். யாருடைய களம் என்பதும். முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. போ. த.ஆ.வின் பக்கம் குனிந்து, "எந்தப் பொம்புள? எனக்கு ஞாபகம் இல்லயே" என்றார். அதுதான் எனக்குச் சுட்டது. நான் ஒருநாளும் மறக்காததை அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்க்கும்படி த.ஆ. சொல்லியிருக்கிறார். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 7, ஞாயிறு

தூறல். காலையில் வேலிப் படலைக்கு முன்னால் போ.வின் மாட்டுவண்டி, அதில் ஒரு மூட்டை நெல். வண்டிக்காரர் இறங்காமலே சொன்னார்: "போடியாருக்கு ஞாபகம் வந்திட்டாம். புதுநெல்லு. உம்மாட்டக் குடுக்கச் சொன்னார்."

மூட்டையை உதைத்துத் தள்ளத்தான் போனேன். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். சாக்கு வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். மணிகளை ஒன்றுவிடாமல் திரும்பப் போட்டுக் கட்டினார்.

"நல்ல நெல்லுதான் தம்பி. கொண்டுபோய் அவர்ர பொலியிலயே கொட்டிருங்க. நேத்து என்ட மகன் கதைச்சதுல கொஞ்சம் பறக்கத் குறைஞ்சிரிக்கும்."

வண்டி திரும்பியது. பகலுக்குச் சோறும் மீன் ஆணமும். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.