மூன்றாம் தேதிதான் டிரைவிங் டெஸ்ட்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள்ளுங்கள். நான் கார் ஓட்டும் வகுப்புக்குப் போகிறேன்.

நேற்று நீங்கள் போட்ட கணக்கு தப்பு. பழகுநர் லைசென்ஸ் இந்த மாதம் மூன்றாம் தேதி கைக்கு வந்தது. அந்த நாளையும் சேர்த்து முப்பது எண்ணிவிட்டு, முப்பதாவது நாளான அடுத்த மாதம் முதல் தேதியே டெஸ்ட் என்றீர்கள். மூன்றாம் தேதி விருந்துக்கு வருவதாக உங்கள் தங்கையிடமும் சொல்லிவிட்டீர்கள். லைசென்ஸ் ஆபீசில் கேட்டேன். “கொடுத்த நாள் கணக்குல வராதும்மா. அதுக்கப்புறம் முப்பது நாள் முழுசா முடியணும்,” என்றார் அங்கிருந்த அம்மாள். இந்த மாதத்துக்கு முப்பத்தொரு நாள். இரண்டாம் தேதியோடுதான் முப்பது முடிகிறது. அவசரப்பட்டு முதல் தேதி போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அடுத்த டெஸ்டுக்கு மூன்று வாரம் ஆகும். காலண்டரில் மூன்றாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். தங்கையிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

“இந்த வயசுல உனக்கெதுக்கு ஸ்டியரிங்? ஊர்ல டாக்ஸியா இல்ல?” என்றீர்களே. இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் ஆறாம் தேதி கண் ஆபரேஷன் முடிந்து நீங்கள் கட்டோடு வரும்போது, ஊர்பேர் தெரியாத ஆளின் வண்டியில் உங்களை ஏற்ற எனக்கு மனசில்லை. நான்தான் ஓட்டுவேன்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

கார் சாவி என்னிடம் இருக்கிறது, தேடாதீர்கள்.

இன்னொன்று: அன்றைக்குப் பின்சீட்டில் உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்தால், கட்டுப் போட்ட கண்ணோடு “பார்த்து, பார்த்து” என்பீர்கள்.