மாடிப்படியில் பிசகிய முட்டி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

போன செவ்வாய்க்கிழமை, விடுதி மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே இறங்கும்போது கால் பிசகி முட்டி வீங்கிவிட்டது. பதறாதீர்கள், எலும்பு முறியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் முட்டி போனவளை யார் வேலையில் வைத்திருப்பார்கள் என்று பயந்து, இரண்டு நாள் மறைத்து மறைத்து நடந்தேன். மேற்பார்வை அம்மா கண்டுபிடித்துவிட்டார். "நொண்டிக்கிட்டே இன்னும் கெடுத்துக்கப் போறியா? கிளம்பு" என்று மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

அங்கே பிசியோதெரபிஸ்ட் மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஜவ்வு கிழியல. வீக்கம் வத்துற வரைக்கும் ஐஸ் வைங்க. அதுக்காகப் படுத்தே கெடக்காதீங்க, தொடை பலமா இருந்தாத்தான் முட்டி தாங்கும்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். வேலையும் போகவில்லை. ஒரு மாதத்துக்குத் துணி மடிக்கும் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை.

உங்களுக்கும் முட்டி வலிதானே, நீங்களும் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்தே செய்வோம். நீங்கள்தான் எண்ண வேண்டும். நான் எண்ணினால் ஆறிலிருந்து நேராகப் பத்துக்குப் போய்விடுகிறேன்.

துணி வண்டி வந்துவிட்டது. அவசரமில்லாமல் எண்ணுங்கள்.

உங்கள் மனைவி